கப்பல் ஹோட்டல் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: முதலில் இனிஷியலைச் சரிசெய்யுங்கள்

கேட்டரிங் முடித்து நான்கு வருடம் சென்னையில் ஓடிய பிறகு பயணக் கப்பலில் சேர்ந்தவன் நான். முதல் ஒப்பந்தத்துக்குக் கிளம்பவேண்டிய தேதியில் நான் கிளம்பவில்லை. காரணம் ஆங்கிலமோ இண்டர்வியூவோ இல்லை, பெயருக்கு முன்னால் இருந்த ஒற்றை எழுத்து. "அண்ணே, கப்பலுக்கு எப்படிப் போறது" என்று ஊரிலிருந்து தம்பிகள் வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். பாஸ்போர்ட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது, பயோடேட்டா எப்படி அடிப்பது என்பதெல்லாம் இதில் கிடையாது, அது உங்களுக்கே தெரியும்.

படி 1: கரையில் கையைப் பழக்குங்கள்

கப்பல் என்றதும் வீட்டில் மாலுமி வேலை என்று நினைத்துப் பயப்படுவார்கள். பெரிய பயணக் கப்பல்களில் ஊழியர்களில் பெரும்பாலானவர்கள் ஹோட்டல் பிரிவுதான்: கிச்சன், ரெஸ்டாரண்ட், பார், ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் ஊழியர்கள் மட்டும் சுமார் 2,350 பேர், நிரம்பினால் பயணிகள் 7,600 பேர். மிதக்கிற கல்யாண மண்டபம், தினமும் முகூர்த்தம்.

அதனால்தான் படிப்பு முடிந்ததும் ஒன்றிரண்டு வருடம் நட்சத்திர ஹோட்டலின் பேங்க்வெட்டில், அதாவது விருந்து விழா நடத்தும் பிரிவில், நில்லுங்கள் என்கிறேன். ரூம் சர்வீஸ் சுகமான வேலை, ஆனால் அதில் வேகம் வராது. பேங்க்வெட்டில் ஃபங்ஷன் ஷீட்டைப் படிக்கப் பழகுவீர்கள்: எத்தனை பேருக்கு கியாரண்டி, தியேட்டர் வரிசையா ரவுண்ட் டேபிளா, சைவம் எத்தனை, கேக் வெட்டுவது எத்தனை மணிக்கு. முந்நூறு என்று கியாரண்டி கொடுத்துவிட்டு முந்நூற்றெண்பது பேர் வந்து நிற்கும்போது முகம் மாறாமல் நாற்காலி போடத் தெரிந்தவனுக்குக் கப்பலில் முதல் இரவு கையும் ஓடும் காலும் ஓடும்.

கிளப்பில் வேலை கிடைத்தாலும் விடாதீர்கள். சென்னையில் மெட்ராஸ் கிளப் 1832இலிருந்தும் ஜிம்கானா கிளப் 1884இலிருந்தும் இருக்கின்றன. கிளப் வேறு உலகம். வருகிறவர் வாடிக்கையாளர் இல்லை, மெம்பர்; பில்லுக்குக் காசு நீட்டமாட்டார், கையெழுத்துப் போடுவார். நாம் நினைவில் வைக்கவேண்டியது அவர் முகமும், எண்ணும், சோடாவில் ஐஸ் வேண்டாம் என்பதும். (கிளப்புகளின் உடைக் கட்டுப்பாடு பெரிய கதை. 2014இல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் அதற்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது.) ஒரே பயணிகளுக்கு ஏழு நாள் தொடர்ந்து பரிமாறும்போது இந்த ஞாபகப் பழக்கம்தான் டிப்ஸாகத் திரும்பி வரும்.

படி 2: பெயர்

இங்கேதான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால். ஆதாரில் பின்னால். பாஸ்போர்ட்டில் இனிஷியலாக எழுத விடமாட்டார்கள், விரித்துத்தான் எழுதவேண்டும், அதனால் அப்பா பெயரும் என் பெயரும் சேர்ந்து கிவன் நேம் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டன, சர்நேம் கட்டம் காலி. ஆக, மூன்று காகிதத்தில் மூன்று ஆள்.

கப்பல் வேலையில் முதலில் வாங்கவேண்டியது இண்டோஸ் எண். இந்தியக் கடல் பணியாளர்களின் தரவுத்தளத்தில் உங்களுக்கான எண் அது, அது இல்லாமல் பயிற்சியில் சேர முடியாது. அந்த விண்ணப்பத்தைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்து நானே நிரப்பினேன். பயிற்சிச் சான்றிதழ்களும் அதே இனிஷியல் பெயரில் வந்தன. வாங்கினேன், பார்க்கவில்லை, ஃபைலில் வைத்தேன். பிறகு சிடிசிக்கு, அதாவது கடல் பணியாளர் புத்தகத்துக்கு, விண்ணப்பித்தபோது பாஸ்போர்ட்டோடு எதுவும் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். இண்டோஸைத் திருத்தி, சான்றிதழ்களைத் திருத்தி, மறுபடி போவதற்குள் கப்பல் போய்விட்டது.

ஆகவே பாஸ்போர்ட்தான் தாய். அதில் என்ன எழுத்து, என்ன வரிசை, எங்கே இடைவெளி இருக்கிறதோ அதை அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை என்றால் அப்பா பெயரை சர்நேம் கட்டத்திலும் உங்கள் பெயரை கிவன் நேம் கட்டத்திலும் போடுங்கள். "அப்பா பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிடுவான்" என்று நண்பர்கள் சொல்வார்கள். கூப்பிடட்டும். சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதையும் சர்நேம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, கிவன் நேம் இடத்தில் எஃப்என்யூ என்று அச்சடிப்பார்கள். "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது. விசா செல்லும், பிரச்சினை இல்லை, ஆனால் டிக்கெட்டில் பெயர் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் இருந்தால் விமான நிலையக் கவுண்டரில் நடு ராத்திரியில் நீங்கள்தான் நிற்பீர்கள். நான் நின்றேன்.

பின்சேர்க்கை: ஒற்றைப் பெயர் மட்டும் பாஸ்போர்ட்டில் இருப்பதாக இரண்டு பேர் கமெண்டில் கேட்டிருந்தார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவே கிடையாது என்று அறிவித்தது நினைவிருக்கும்; அப்புறம் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். வேலை தேடும் முன்பே பெயரை மாற்றி பாஸ்போர்ட்டை மறுபடி வாங்கிவிடுங்கள். பாதி வழியில் மாற்றினால் நான் பட்ட பாடுதான்.

படி 3: பயிற்சி, மெடிக்கல்

எஸ்டிசிடபிள்யூ (கடல் பணியாளர் பயிற்சிக்கான சர்வதேச உடன்படிக்கை) சொல்லும் அடிப்படைப் பயிற்சி கப்பலில் பாத்திரம் கழுவுகிறவருக்கும் கட்டாயம். கடலில் உயிர் தப்புவது, தீயணைப்பு, முதலுதவி, தனிப்பட்ட பாதுகாப்பு, இவற்றோடு கப்பலின் செக்யூரிட்டி பற்றிய ஒரு படிப்பு. கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் உள்ள நிலையமா என்று பார்த்துச் சேருங்கள். உயிர் தப்புவதற்கும் தீயணைப்புக்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபயிற்சி உண்டு. மருத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் ஆர்வக்கோளாறில் அதை முதலிலேயே எடுத்துவிடாதீர்கள்.

நீச்சல் தெரியாது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். லைஃப் ஜாக்கெட்டோடு உயரத்திலிருந்து குதிக்க வேண்டும், கவிழ்ந்த ராஃப்டை, அதாவது உயிர்காப்பு மிதவையை, புரட்ட வேண்டும், ஜாக்கெட் இல்லாமல் மிதந்தும் காட்ட வேண்டும். கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு விளையாட்டு. மற்றவர்கள் ஒரு மாதம் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.

படி 4: ஏஜெண்ட்

ஆர்பிஎஸ்எல், அதாவது கடல் பணியாளர்களை வேலைக்கு எடுத்துத் தருவதற்கான உரிமம், ஏஜெண்ட்டிடம் இருக்கிறதா என்று இயக்குநரக இணையதளத்தில் நீங்களே பாருங்கள், அவர் சுவரில் மாட்டியிருக்கும் ஃப்ரேமைப் பார்க்காதீர்கள். இந்தியா 2015இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி வேலை வாங்கித் தருவதற்காக உங்களிடம் காசு வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சிடிசி இந்த மூன்றின் செலவுதான் நம் தலையில். விசா செலவு கப்பல் முதலாளியுடையது. (பயிற்சிக் கட்டணம் தனி, அதை நிலையத்தில் நேராகக் கட்டுங்கள்.) "பிராசசிங்" என்று ஒருவரிடம் நான் கட்டிய பணம் இன்றைக்கும் பிராசசிங்கில்தான் இருக்கிறது.

படி 5: இண்டர்வியூவுக்கு எடுத்துப்போவது

எல்லாவற்றுக்கும் காகித நகல், தெளிவான பிளாஸ்டிக் உறைகளோடு ஒரு ஃபைலில். மொபைலில் இருக்கிறது சார் என்று சொல்லி சார்ஜ் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்வீஸ் பக்கம் போகிறவர்கள் சட்டைப்பையில் அடங்கும் இரண்டு படி லீவர் மடக்கு வைன் ஓப்பனர் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வீட்டில் பழகுங்கள், இறக்கை வைத்த ஓப்பனரெல்லாம் அலமாரிக்கு அழகு. மார்லின்ஸ் ஆங்கிலத் தேர்வு கேட்பார்கள், இலக்கணத்தைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வதைப் பழகுவது நல்லது. மஞ்சள் காய்ச்சல் ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். 2016இலிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், அந்த மஞ்சள் அட்டையைத் தொலைக்காமல் இருந்தால்.

படி 6: கப்பலில் முதல் வாரம்

ஏறியதும் உங்கள் மஸ்டர் இடம், அதாவது ஆபத்து நேரத்தில் கூடவேண்டிய இடம், எது என்று தெரிந்துகொள்ளுங்கள், கேபின் அப்புறம். ஏழு குட்டை ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டால் அங்கே ஓட வேண்டும். 2012இல் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு இப்படிக் கூடும் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 2015இலிருந்து கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதி வந்தது.

கிச்சனிலும் ரெஸ்டாரண்ட்டிலும் எல்லோரும் பயப்படும் சொல் யூஎஸ்பிஹெச். அமெரிக்கத் துறைமுகத்தில் முன்னறிவிப்பின்றி ஏறும் சுகாதாரச் சோதனை. நூற்றுக்கு 86 எடுத்தால்தான் தேர்ச்சி. குளிர்ந்த உணவு 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, சூடான உணவு 135க்கு மேலே. நமக்குப் பழகிய செல்சியஸில் 5, 57. ஊரில் சாம்பாரைத் தொட்டுப்பார்த்து "சூடா இருக்கு" என்போமே, அது அங்கே செல்லாது, தெர்மாமீட்டர் சொல்ல வேண்டும். இந்த இரண்டு எண்களையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு சுற்றினேன். அதைப் பார்த்த சூப்பர்வைசர் கையைக் கழுவிவிட்டு வரச்சொன்னார்.

பின்சேர்க்கை 2: ஊறுகாய் கொண்டுபோகலாமா என்று கேட்டவர்களுக்கு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சேரும் கடிதத்தில் பாருங்கள். அனுமதித்தாலும் அந்தப் பாட்டிலை பேன்ட்ரி ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். சொந்த உணவு, லேபிள் வேறு இல்லை, சோதனைக்காரர் கண்ணில் பட்டால் மொத்த டீமுக்கும் மார்க் போகும். அம்மா போட்ட ஆவக்காயை சூ ஷெஃப் (தலைமைச் சமையல்காரருக்கு அடுத்தவர்) குப்பைத் தொட்டியில் கவிழ்த்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.