செட்டிநாட்டில் புது வீட்டுக்குத் திண்ணையும் வாசற்படியும்: விதிப்படி அமைக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கங்களில் மனை வாங்கி வீடு கட்டுவோரில் பலர், அங்குள்ள பெரிய வீடுகளின் சாயலில் தூண் வைத்த திண்ணையும் உயர்ந்த வாசற்படியும் வேண்டும் என்று விரும்புகின்றனர். ஆனால் வரைபடத்தில் அறைகள் முதலில் முடிவாகி, படிகள் மிஞ்சிய இடத்தில் கடைசியாக ஒட்டப்படுவதால், கீழ்ப்படி தெருவில் போய் நிற்கிறது. ஆகவே படியில் தொடங்கி வீட்டுக்குள் செல்லும் வரிசையிலேயே இங்கு விளக்குகிறேன்.

1. பொருந்தும் விதியை அறிதல்

மாநகராட்சியான காரைக்குடிக்கும், நகராட்சியான தேவகோட்டைக்கும், பேரூராட்சியான கானாடுகாத்தானுக்கும், ஊராட்சியான ஆத்தங்குடிக்கும் பொதுவானவை தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. மனை குடியிருப்புப் பயன்பாட்டில் உள்ளதா என்பதையும், உங்கள் தெரு தொடர் கட்டடப் பகுதியாக (பக்கவாட்டில் இடைவெளியின்றி வீடுகள் ஒட்டிக் கட்டப்படும் பகுதியாக) அறிவிக்கப்பட்டுள்ளதா என்பதையும் முதலில் கேட்டறியுங்கள்; அத்தகைய பகுதிகளுக்குத் தனி அளவுகள் உண்டு. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், கீழே தரும் அளவுகளை நடப்புப் பிரதியோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

2. எல்லையை அளத்தல்

பட்டாவையும் புல வரைபடத்தையும் வைத்து, சர்வேயரைக் கொண்டு எல்லைக்கல் நடுங்கள். வடிகாலின் ஓரம்தான் மனையின் எல்லை என்று எண்ணிக்கொள்வது இப்பகுதியில் சாதாரணமாகக் காணப்படும் பிழை. பக்கத்து வீட்டின் பழைய படி வடிகாலைத் தாண்டி நிற்கிறது என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. தெருவில் கட்டப்படும் படி ஆக்கிரமிப்பாகவே கருதப்படும். மேலும், செட்டிநாட்டு மனைகள் பல ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. அப்படியானால் இரு தெருக்களின் அகலத்தையும் வரைபடத்தில் காட்டி, பின்வாசல் படிக்கும் இதே கவனத்தைச் செலுத்துங்கள்.

3. முன்புற இடைவெளியைக் குறித்தல்

குறுகிய தெருக்களில் முன்புறம் விட வேண்டிய இடைவெளி 1.5 மீட்டர், அதாவது ஏறத்தாழ 5 அடி. தெரு அகலமாக அகலமாக இதுவும் கூடும். தூணும் கூரையும் உள்ள திண்ணை கட்டடத்தின் ஒரு பகுதியே ஆகும். ஆகவே இந்த இடைவெளியைத் தலைவாசல் சுவரிலிருந்து அளக்காமல், திண்ணையின் முன் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். வரைபடங்கள் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

4. படிக் கணக்கு

தேசியக் கட்டட நெறிமுறைப்படி, வீட்டுப் படியின் உயரம் 19 செ.மீ.க்கு மேற்படாமலும், மிதியின் (கால் வைக்கும் பரப்பின்) அகலம் 25 செ.மீ.க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். முதியவர்கள் ஏறுவதற்கு 15 செ.மீ. உயரமும் 30 செ.மீ. மிதியும் ஏற்றவை.

தரையிலிருந்து திண்ணைத் தளத்தின் உயரம் 90 செ.மீ. என்று கொள்வோம். 15 செ.மீ. வீதம் ஆறு ஏற்றங்கள் வரும். ஆறாவது ஏற்றம் திண்ணையிலேயே முடிவதால், மிதிகள் ஐந்து, அவற்றின் நீளம் 1.5 மீட்டர். இடைவெளி முழுவதையும் படியே விழுங்கிவிடுகிறது. தளத்தை 60 செ.மீ.க்குக் குறைத்தால் மூன்று மிதிகளே தேவைப்படும், 90 செ.மீ. போக 60 செ.மீ. மிஞ்சும். தெருவில் மழைநீர் தேங்காது என்றால் இதுவே எளிய வழி.

உயரத்தைக் குறைக்க மனமில்லாதவர்கள், பழைய வீடுகளில் காண்பதுபோல, இரு திண்ணைகளுக்கும் நடுவே படியை உள்ளே தள்ளிக்கொள்ளலாம். திண்ணையின் ஆழம் 2.1 மீட்டர் என்றால், மூன்று மிதிகளை (90 செ.மீ.) அதற்குள் வெட்டி அமைத்து, தலைவாசலுக்கு முன்பு நிற்பதற்கு 1.2 மீட்டர் விடுங்கள். வெளியே இரண்டு மிதிகள் மட்டும் 60 செ.மீ. நீள, எல்லை வரை 90 செ.மீ. எஞ்சுகிறது. கூடம் சற்றுச் சிறுத்தாலும், என் கருத்தில் இதுவே இந்த ஊருக்குப் பொருந்திய அமைப்பு. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் தேவைப்படுவதால், அதற்கும் தாழ்ந்த தளமே கைகொடுக்கும்.

வெளிப்படிகளுக்குக் கொத்திய கருங்கல் போடுங்கள். ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பு வீட்டுக்குள் அழகு. மழையில் நனையும் படியில் அது வழுக்கும்.

5. இடைவெளிக்குள் வரக்கூடியவை

தூணில்லாமல் நீளும் வெயில் மறைப்பும் பால்கனியும் எல்லைக்கு 0.5 மீட்டருக்குள் வராமல் இருந்தால் அனுமதிக்கப்படுகின்றன. மாடிக்குச் செல்லும் திறந்த படிக்கட்டு முன் எல்லையிலிருந்து 1 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சுற்றுச்சுவர் 2 மீட்டர் உயரம் வரை இருக்கலாம். கேட்டின் கதவு உள்நோக்கித் திறக்கட்டும்.

6. விண்ணப்பித்தல்

2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாத தரைத்தள அல்லது ஒரு மாடி வீட்டுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடியாக அனுமதி பெறலாம். அலுவலர் முன்கூட்டிப் பார்த்துத் திருத்தமாட்டார் என்பதால், தவறான அளவின் பொறுப்பு முழுவதும் உங்களுடையதாகிறது. பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக மனையாக இருந்தால், அனைவரின் ஒப்புதலையும் எழுத்தில் பெற்ற பிறகே விண்ணப்பியுங்கள்.

அனுமதி வந்ததும், அடித்தளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் நாளில், கீழ்ப்படியின் விளிம்பையும் தரையில் குறிக்கச் சொல்லி, எல்லைக்கல்லிலிருந்து நாடா பிடித்து ஒருமுறை அளந்துவிட்டுத் தோண்டச் சொல்லுங்கள்.