தபாலில் பேசி முடித்த கல்யாணம்: கிறிஸ்தவக் காதல் நாவல் எழுத உட்காருகிறவர்களுக்கு

கதாநாயகிக்குப் பெயர் வைக்கும் முன் வருடத்தை முடிவு செய்யுங்கள். என்னிடம் திருத்தத்துக்கு வரும் கைப்பிரதிகள் பலவும் தடுக்கி விழுவது இங்கேதான். அமெரிக்க மேற்கில் முகம் பார்க்காமல் கடிதத்திலேயே நிச்சயமான கல்யாணம் என்றால், 1866 வேறு, 1876 வேறு. 1869 மே 10 அன்று யூட்டாவில், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டுவந்த ரயில் தண்டவாளங்கள் இணைந்தன. அதற்கு முன் கலிபோர்னியாவுக்குப் போக மாதக்கணக்காகும். பிறகு ஒரு வாரம் போதும். பிந்தைய காலமே எனக்குப் பிடிக்கும். ரயில் அவளைச் சீக்கிரம் கொண்டுபோய் இறக்கிவிடும். மனம் பின்னால்தான் வந்து சேரும்.

அடுத்து, அவள் ஏன் கிளம்பினாள்? ‘ஏழை அநாதை’ என்று எழுதித் தப்பிக்காதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். பஞ்சு வராமல் மாசசூசெட்ஸின் லோவெல் நகர ஆலைகள் முடங்கின. 1864இல் ஏசா மெர்சர் என்பவர் சியாட்டிலுக்கு அழைத்துப்போன 11 பெண்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள்தான். வேலை போன ஆலைத் தொழிலாளி என்றால் அவளுக்குக் கைத்திறனும் இருக்கும், கோபமும் இருக்கும்.

முதல் அத்தியாயத்துக்கு முன்பே இருவரின் கடிதங்களையும் முழுதாக எழுதிவிடுங்கள். நாவலில் நான்கு வரிதான் வரும், பரவாயில்லை. அவன் எதை எழுதாமல் விட்டான் என்பதில்தான் கதை இருக்கிறது. ‘எனக்குச் சொந்த வீடு இருக்கிறது’ என்று எழுதியிருப்பான். பொய்யில்லை. புல்வெளிச் சமவெளியான நெப்ராஸ்காவில் மரம் அரிது என்பதால், புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிய வீடு அது. கூரையிலிருந்து மண் உதிரும். அதைத் தாங்க உள்ளே மெல்லிய துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். மழை விட்ட பிறகும் உள்ளே ஒழுகும். அடுப்பெரிக்க விறகில்லை, காய்ந்த மாட்டுச் சாணம்தான். லோவெலில் தறி ஓட்டிய பெண் அதை முதல்முறை கையால் எடுக்கும் இடத்தில் ஒரு பக்கம் நில்லுங்கள். அவன் உதவிக்கு வரட்டுமா, பார்க்காததுபோல் நகரட்டுமா? எது அன்பு என்று நீங்கள் முடிவு செய்தால் அவன் யாரென்று தெரிந்துவிடும்.

1862 ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தையும் மறக்காதீர்கள். ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம். 21 வயதான மணமாகாத பெண்ணும் மனுப் போடலாம். கணவனோடு வாழும் மனைவியால் பொதுவாக முடியாது. ஆக, ‘சம்மதம்’ என்று சொல்லும்போது அவள் எதையோ விட்டுக்கொடுக்கிறாள். அவளுக்கு வேறு வழியிருந்தும் அவனைத் தேர்ந்தெடுத்தாள் என்றால்தான் அது காதல் கதை. அந்த நிலம் யாருமில்லாத வெற்று நிலமல்ல என்பதும் எங்காவது தெரியவேண்டும். நெப்ராஸ்காவின் பூர்வகுடிகளான பாவ்னி மக்கள் 1870களில்தான் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள்.

விசுவாசத்துக்கு வருவோம். குதிரையில் ஊர் ஊராய் வரும் மெதடிஸ்ட் போதகர் வாய் திறந்தாலே இரண்டு பக்கப் பிரசங்கம் என்றால் வாசகர் தாண்டிப் போய்விடுவார். ஜெபத்துக்கு விலை இருக்கவேண்டும். 1874 கோடையில் கான்சஸிலும் நெப்ராஸ்காவிலும் வெட்டுக்கிளிகள் இறங்கிப் பயிரை மொட்டையடித்தன. அன்றிரவு அந்தத் தம்பதி சேர்ந்து ஜெபிப்பார்களா, ஒருவர் மறுப்பாரா? நான் மறுக்க வைப்பேன், அதுவும் அதிகம் வேதம் படித்தவரை.

வேத வசனத்தையும் பார்த்து எடுங்கள். ‘நீர் போகும் இடத்துக்கு வருவேன்’ என்று பைபிளில் ரூத் சொன்னது கணவனிடம் அல்ல, மாமியார் நகோமியிடம். பண்ணையில் விதவைத் தாய் ஒருத்தியை வைத்தால் அந்த வசனம் சரியான ஆளிடம் போய்ச் சேரும். மணமகளுக்கு ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தின் ரெபெக்காள் இருக்கிறாள்: பார்த்திராத ஈசாக்கிடம் போக, கேட்டவுடன் ‘போகிறேன்’ என்றவள்.

கல்யாணத்தைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். அவள் ரயிலிறங்கிய அன்றே நடந்தாலும் நம்பலாம். அன்றிரவு யார் எங்கே படுக்கிறார்கள் என்பதை மட்டும் மழுப்பாமல் எழுதுங்கள்; ஒரே அறை வீடு என்பது ஞாபகமிருக்கட்டும். கடைசி அத்தியாயத்தில் அதே ஜோடிக்கு ஆலயத்தில் இரண்டாவது கல்யாணம் வைத்து அழவைக்கும் வழக்கம் ஒன்றிருக்கிறது. என் கையில் வந்தால் வெட்டிவிடுவேன்.