கையால் மாடு பார்ப்பது எப்படி?

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பன்னிரண்டு வயது வரை மாடு என்றால் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பொம்மைதான். ஒரு லீவில் காங்கேயம் பக்கம் மாமாவின் தோட்டத்துக்குப் போனேன். "இந்தா கண்ணு, இதுதான் மாடு" என்று மாமா என் கையைப் பிடித்து இழுத்து எதன்மேலோ வைத்தார். கதகதப்பாக இருந்தது. சட்டென்று நடுங்கியது. நான் அலறினேன், மாடு மிரண்டது, மாமா கயிற்றைப் பிடிக்க ஓடினார்.

அப்புறம் பல லீவுகளில் போய்ப் பழகியதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். முதல்முறை போகிறவர்களுக்கும், அவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கும்.

படி 1: மாட்டைத் தேர்ந்தெடுங்கள்

தினமும் ஆள் கைபட்டுப் பழகிய கறவை மாடு போதும். காளை வேண்டாம். புதிதாகக் கன்று ஈன்ற மாடு எவ்வளவு சாதுவானாலும் வேண்டாம். கறந்து முடித்து, தீனி தின்று, அசைபோட ஆரம்பித்த நேரம் நல்ல நேரம். மாட்டுக்காரர் கயிற்றோடு பக்கத்தில் நிற்கட்டும்.

படி 2: கோலை மடியுங்கள்

இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நமக்கு வெள்ளைக்கோல்தான் வழி. மாட்டுக்குக் கோல் என்றால் அடி. கட்டுத்தறிக்கு வெளியிலேயே மடித்துப் பையில் போட்டுவிட்டு, கூட வருபவரின் முழங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: முதலில் குரல்

மாட்டின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அதற்கு ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நேர் பின்னால் தெரியாது. அதனால் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். புறங்கையை நீட்டி மோந்து பார்க்க விடுங்கள். ஈரமூக்கும் ஒரு பெருமூச்சும் கையில் படும். தலையைத் திருப்பிக்கொண்டால் அதற்கு இஷ்டமில்லை என்று அர்த்தம். வேறு மாடு பார்க்கலாம்.

படி 4: உள்ளங்கை பதிய

கூட்டிப்போகிறவர்களே, எங்கள் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கையை மாட்டின்மேல் வையுங்கள். அதன்மேல் நாங்கள் வைத்துக்கொள்கிறோம். பயம் தெளிந்ததும் உங்கள் கையை மெல்ல உருவிக்கொள்ளுங்கள்.

விரல்நுனியால் வருடக் கூடாது. ஈ உட்கார்ந்தது போல மாடு தோலைச் சிலிர்க்கும். நான் அன்று அலறியது அதற்குத்தான். உள்ளங்கை முழுதும் அழுத்தமாகப் பதியட்டும்.

படி 5: பாதியில் நிற்காதீர்கள்

யானையைத் தடவிய குருடர்கள் கதையை என்னிடம் சொல்லாத ஆள் குறைவு. அந்தக் கதையில் எனக்கு ஒரே சந்தேகம்தான்: காலைத் தொட்டவர் ஏன் அங்கேயே நின்றுவிட்டார்? கூட நாலு எட்டு நடந்தால் என்ன?

சரி, மாட்டின் இடப்பக்கம் நில்லுங்கள். இடது கை தோளில் ஊன்றியே இருக்கட்டும், வலது கை ஊர் சுற்றட்டும். தோளுக்கு மேலே திமில். நாட்டு மாட்டில் நன்றாகவே கையில் தட்டுப்படும், ஜெர்சி கலப்பில் அந்த இடம் அநேகமாகத் தட்டை. அங்கிருந்து முதுகெலும்பு வழியாக வால் தொடங்கும் இடம் வரை போய்த் திரும்புங்கள். மாட்டின் நீளம் அப்போதுதான் புரியும். அடுத்து கழுத்தடியில் அலைதாடி, மடித்துப் போட்ட துணி போல. மாடு விட்டால் கொம்பும் பார்க்கலாம். அடி கதகதப்பு, நுனி சில்லிப்பு. அடிப்பகுதிக்குள் ரத்தம் ஓடும் எலும்பு இருக்கிறது.

பின்னங்கால் பக்கம் மட்டும் கவனம். மாடு காலை முன்னால் வளைத்துப் பக்கவாட்டிலும் உதைக்கும். மடியைத் தொடுவது மாட்டுக்காரர் சரி என்றால் மட்டும், கடைசியில்.

படி 6: வயிற்றைக் கேளுங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். அதில் முஷ்டியை லேசாக அழுத்தி வைத்துக் காத்திருங்கள். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு உள்ளே ஏதோ புரண்டு வந்து உங்கள் கையை வெளியே தள்ளி, மெல்ல அடங்கும். மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறை, தின்ற வைக்கோலைக் கலக்குகிற அசைவு இது. 2 நிமிடத்துக்கு மூன்று முறை போல வரும். கால்நடை மருத்துவர்களும் இப்படிக் கை வைத்து எண்ணுவது உண்டு.

அப்படியே கழுத்தின் இடப்பக்கம் கையைக் கொண்டுபோங்கள். மாடு மென்றதை விழுங்கும். சில விநாடி அமைதி. அடுத்த உருண்டை உங்கள் உள்ளங்கைக்குக் கீழே மேல்நோக்கி ஏறிப்போகும். மாமாவின் மகன் அந்த மாடுகளோடு வளர்ந்தவன், கண் நன்றாகத் தெரிகிறவன். நான் சொன்ன பிறகுதான் அவனே கை வைத்துப் பார்த்தான்.

கையை எடுக்குமுன் சூட்டையும் கவனியுங்கள். நமக்குக் காய்ச்சலாகிற 101 டிகிரி ஃபாரன்ஹீட் மாட்டுக்கு இயல்பு.

படி 7: ஆடு

பள்ளியில் தொட்டுப் பார்க்கும் படம் ஒன்றில் செம்மறி ஆட்டுக்குப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். மேச்சேரி இனச் செம்மறியைத் தொட்டபோது ஏமாந்துபோனேன். கம்பளியே இல்லை, குட்டையான மயிர்தான். வெள்ளாடா செம்மறியா என்று பார்க்க வாலைத் தேடுங்கள்: தூக்கியிருந்தால் வெள்ளாடு, தொங்கினால் செம்மறி. ஆட்டுக்குத் தாடி எதற்கு என்று அரசியலில் கேட்பார்கள். எனக்கு அது கிடா என்று காட்டிக்கொடுக்க உதவும் என்று நினைத்திருந்தேன், ஆனால் பெட்டைக்கும் தாடி வளருமாம்.

படி 8: கோழி

பொழுது சாய்ந்து, கூட்டில் அடைந்த பிறகு போங்கள். இருட்டினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் அவ்வளவாக ஓடாது. அந்த நேரத்தில் அதுவும் நம் கட்சி. இரண்டு இறக்கைகளும் உடம்போடு ஒட்டியிருக்கும்படி ஒருவர் பிடித்துத் தரட்டும். இறகுக்குள் விரலை விடுங்கள். உள்ளே இருக்கும் உடம்பு எவ்வளவு சின்னது, எவ்வளவு சூடு! 106 டிகிரியை ஒட்டி இருக்கும். நெஞ்சின் மேல்பக்கம் ஒரு பை, அன்று தின்ற சோளம் அதில் நறநறக்கும்.

படி 9: கழுவுங்கள்

சோப்பு போட்டு முழங்கை வரை கழுவுங்கள், நகத்தடியையும் சேர்த்து. அதுவரை வாயில் கை வைக்க வேண்டாம், காய்ச்சாத பாலைக் கொடுத்தாலும் குடிக்க வேண்டாம். கோலின் நுனியையும் கழுவுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை ஜன்னலைத் திறந்தார்.