மெல்ல மெல்ல ருசிக்கும் பட்டர்ஸ்காட்ச் ஓட்ஸ் பார்

நல்ல ஓட்ஸ் பார் கடித்ததும் பொடிப்பொடியாக உதிராது. பல்லுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கும். மெல்ல மெல்ல ஓட்ஸின் வாசனையும், உப்பு லேசாகத் தட்டுப்படும் பட்டர்ஸ்காட்ச் இனிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கேக் போல மெத்தென்று இருக்காது, பிஸ்கட் போல மொறுமொறுவென்றும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம். அந்தப் பதத்தைப் பிடிப்பதுதான் இதில் உள்ள மொத்த வேலையும்.

நான் முதன்முதலில் செய்தபோது, கேக்குக்குப் பார்ப்பது போலவே குச்சியைக் குத்திப் பார்த்து, அது சுத்தமாக வரும்வரை ஓவனிலேயே விட்டுவிட்டேன். சூடாக இருந்தபோது அருமையாகத்தான் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துக் கத்தி இறங்கவில்லை. அளவுகளில் ஒரு தவறும் இல்லை. ஏழெட்டு நிமிடம் கூடுதலாக வெந்ததுதான் பிழை. அதனால் இந்தப் பதிவில், எவ்வளவு போட வேண்டும் என்பதைவிட எப்போது நிறுத்த வேண்டும் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

தேவையானவை

20 செ.மீ. (8 அங்குல) சதுரத் தட்டு ஒன்றுக்கு இந்த அளவு. 16 துண்டுகள் வரும்.

பட்டர்ஸ்காட்ச் சாஸுக்கு:
- உப்பில்லாத வெண்ணெய் – 55 கிராம்
- பிரவுன் சுகர் – 100 கிராம்
- கொழுப்பு அதிகமுள்ள ஃப்ரெஷ் கிரீம் – 80 மி.லி.
- உப்பு – கால் டீஸ்பூன்
- வெண்ணிலா எசன்ஸ் – 1 டீஸ்பூன்

மாவுக்கு:
- உப்பில்லாத வெண்ணெய் – 115 கிராம்
- பிரவுன் சுகர் – 150 கிராம்
- முட்டை – 1, கூடவே ஒரு மஞ்சள் கரு
- வெண்ணிலா எசன்ஸ் – 1 டீஸ்பூன்
- மைதா – 125 கிராம்
- ரோல்டு ஓட்ஸ் – 135 கிராம்
- பேக்கிங் சோடா – கால் டீஸ்பூன்
- உப்பு – அரை டீஸ்பூன்

சமையலறைத் தராசு இருந்தால் கிராம் கணக்கிலேயே எடுங்கள். கப்பில் அளப்பவர்கள் மைதாவில்தான் ஏமாறுவார்கள். கப்பை நேராக மாவுக்குள் விட்டு அள்ளினால் மாவு அமுங்கி, 125 கிராம் வர வேண்டிய இடத்தில் 150 கிராம் வரைக்கும் வந்துவிடும். அந்த 25 கிராமே பாரை வறட்டிவிடப் போதும். கரண்டியால் அள்ளிக் கப்பில் தளர்வாகப் போட்டு, மேலே கத்தியால் வழித்துவிடுங்கள். பிரவுன் சுகருக்கு இது தலைகீழ்: அதைக் கப்பில் நன்றாக அழுத்தி நிரப்ப வேண்டும்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

ஓட்ஸில் ரோல்டு ஓட்ஸ்தான் வேண்டும். முழுத் தானியத்தை ஆவியில் வேகவைத்து, உருளைக்கடியில் விட்டுத் தட்டையாக்கியது அது; ஒவ்வொரு அவலும் தனித்தனியாக, கொஞ்சம் தடிமனாக இருக்கும். மெல்லும்போது பல்லுக்குத் தட்டுப்படுவது அந்தத் தடிமன்தான். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் கரைந்து கூழாகிவிடும். ஸ்டீல் கட் ஓட்ஸ் இந்த நேரத்துக்குள் வேகாது, குருணை மாதிரி நறநறக்கும். குயிக் ஓட்ஸ் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் செய்யலாம், ஆனால் பார் கொஞ்சம் கேக் பக்கம் சாய்ந்துவிடும்.

பிரவுன் சுகருக்குப் பதிலாக வெள்ளைச் சர்க்கரை போட்டால் இது வேறு பண்டம் ஆகிவிடும். பிரவுன் சுகரில் மொலாசஸ் (கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு) இருக்கிறது. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் பார் ஆறின பிறகும் இறுகாமல் இருக்கிறது. பட்டர்ஸ்காட்சை கேரமலிலிருந்து பிரிப்பதும் அதுதான். கேரமல் என்றால் வெள்ளைச் சர்க்கரையைக் கருக்கி நிறமும் மணமும் ஏற்றுவது. பட்டர்ஸ்காட்ச் என்றால் வெண்ணெயும் பிரவுன் சுகரும் சேர்ந்து கொதிப்பது. பெயரில் ஸ்காட்ச் இருந்தாலும் இதில் விஸ்கி எதுவும் கிடையாது. இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரம் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த மிட்டாய்க்குப் பேர்போனது. பிரவுன் சுகர் கிடைக்காவிட்டால், 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஒரு டேபிள்ஸ்பூன் மொலாசஸைப் போட்டு, கட்டியில்லாமல் விரலால் பிசறிக்கொள்ளுங்கள். அதேதான்.

மஞ்சள் கரு எதற்குத் தனியாக ஒன்று என்று கேட்கலாம். வெள்ளைக் கரு மாவை உப்பவைத்து உலர்த்தும். மஞ்சள் கருவின் கொழுப்பு மாவை நெகிழ வைக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. முட்டை வேண்டாம் என்பவர்கள் 60 கிராம் கெட்டித் தயிர் சேர்க்கலாம். பார் கொஞ்சம் மிருதுவாக வரும், இழுவை குறையும், ருசியில் குறையிருக்காது.

முதலில் சாஸ்

சாஸ் ஆற வேண்டும் என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். அடிகனமான பாத்திரம், நீங்கள் தேவை என்று நினைப்பதைப் போல இரண்டு மடங்கு பெரியது. கிரீம் ஊற்றும்போது பொங்கி எழும்.

மிதமான தீயில் வெண்ணெயை உருக்கி, பிரவுன் சுகரையும் உப்பையும் சேர்த்துக் கிளறுங்கள். முதலில் ஈர மணல் போலச் சொரசொரப்பாக இருக்கும், வெண்ணெய் ஓரமாகப் பிரிந்து நிற்கும். பயப்பட வேண்டாம். கிளறிக்கொண்டே இருந்தால் இரண்டு நிமிடத்தில் சர்க்கரை இளகி வெண்ணெயோடு சேரும். இப்போது தீயைக் குறைத்துவிட்டு, கிரீமை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். புஸ்ஸென்று நுரைத்து எழும். முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு கிளறுங்கள். கொதிக்கும் சர்க்கரையின் சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டியது. கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். சிறு பிள்ளைகள் இந்த நேரத்தில் அடுப்புப் பக்கம் வேண்டாம். விரலால் தொட்டு ருசி பார்க்கவும் வேண்டாம்.

இனிக் குமிழிகளைக் கவனியுங்கள். கிரீம் சேர்ந்ததும் வருபவை சோப்பு நுரை போலச் சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக உடைந்துகொண்டே இருக்கும். நான்கு நிமிடம் போல மெதுவாகக் கொதித்த பிறகு குமிழிகள் பெரிதாகும், சோம்பலாக மேலே வந்து 'பொளக்' என்று உடையும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அடி ஒரு கணம் தெரிந்து, பிறகு மூடிக்கொள்ளும். அதுதான் பதம். அடுப்பை அணைத்து வெண்ணிலாவைக் கலந்து, வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள். சூட்டில் பார்க்க நீர்த்துத்தான் இருக்கும். ஆறினால் தேன் பதத்துக்கு வரும். தண்ணியாக இருக்கிறதே என்று மீண்டும் கொதிக்க விட்டால் ஆறியதும் மிட்டாயாக இறுகிவிடும்.

கிரீமுக்குப் பதில் பால் ஊற்ற நினைக்காதீர்கள். மொலாசஸில் லேசான புளிப்பு உண்டு, பால் திரிந்துபோகலாம்.

மாவு

ஓவனை 175 டிகிரி செல்சியஸில் முடுக்கிவிடுங்கள். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 155 முதல் 160 போதும். தட்டில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீளும்படி விரியுங்கள். பிறகு பாரைத் தூக்கி எடுக்க அந்த இரண்டு காதுகள்தான் கைப்பிடி.

வெண்ணெயை உருக்கி, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் முட்டை வெந்து திரிதிரியாகிவிடும். ஆறிய வெண்ணெயில் பிரவுன் சுகரைப் போட்டு, விஸ்கால் (கம்பியாலான கை அடிப்பான்) ஒரு நிமிடம் நன்றாக அடியுங்கள். பிறகு முட்டை, மஞ்சள் கரு, வெண்ணிலா. கலவை வெளிறிப் பளபளப்பாகும் வரை இன்னொரு நிமிடம். இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், கெடுதல் இல்லை.

மைதா விழுந்த பிறகுதான் கையை அடக்க வேண்டும். மைதா, பேக்கிங் சோடா, உப்பு மூன்றையும் சலித்துச் சேர்த்து, விஸ்கை வைத்துவிட்டு ஸ்பாச்சுலாவை எடுங்கள். வெள்ளை மாவு அங்கங்கே கோடு கோடாகத் தெரியும்போதே ஓட்ஸையும் போட்டு, அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். மாவு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பலர் தாண்டிப் போகிற படி இது. ஓட்ஸ் அந்த நேரத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இல்லாவிட்டால் ஓவனில் காய்ந்த சருகாக நிற்கும். பத்து நிமிடம் கழித்துக் கிளறிப் பார்த்தால் மாவு முன்பைவிடக் கெட்டியாக, கரண்டியோடு இழுபட்டு வருவது கையிலேயே தெரியும்.

தட்டில் அடுக்குவது

மாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தட்டில் பரப்புங்கள். ஒட்டும், கரண்டியின் பின்புறத்தை லேசாக நனைத்துக்கொண்டால் வசப்படும். ஆறிய சாஸில் பாதியை மட்டும் சின்னக் கரண்டியால் அங்கங்கே விடுங்கள். ஓரத்தில் ஒரு செ.மீ. விட்டுவிட வேண்டும், ஏனென்றால் தட்டின் சுவரில் படும் சாஸ் கருகி இறுகிவிடும். மீதி மாவைச் சிறு சிறு உருண்டையாக மேலே கிள்ளிப் போட்டு, கத்தி நுனியால் மூன்று நான்கு முறை மட்டும் சுழித்துவிடுங்கள். சாஸ் தனியாக ஓடைபோலத் தெரிய வேண்டும். முழுக்கக் கலந்துவிட்டால் வெறும் இனிப்புத்தான் மிஞ்சும், கடிக்கும்போது திடீரென்று நாக்கில் இறங்கும் அந்தப் பட்டர்ஸ்காட்ச் கிடைக்காது.

ஓவனில்

ஓவனின் நடு அடுக்கில் வைத்து 24 முதல் 26 நிமிடம். ஆனால் 21ஆவது நிமிடத்திலிருந்து அங்கேயே நில்லுங்கள். ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு விதம், காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல நேரம் ஒன்றாக இருக்காது.

பார்க்க வேண்டியவை இவை. ஓரங்கள் பொன்னிறமாகி, காகிதத்திலிருந்து மயிரிழை விலகியிருக்க வேண்டும். மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு மங்கியிருக்க வேண்டும். தட்டை மெல்ல அசைத்தால் ஓரம் அசையாமல் நிற்க, நடுவில் மட்டும் லேசான தளும்பல் தெரிய வேண்டும். குச்சி குத்திப் பார்ப்பதானால் சாஸ் இல்லாத இடமாகப் பார்த்துக் குத்துங்கள், சாஸில் குத்தினால் எப்போதும் ஈரமாகத்தான் வரும். குச்சியில் பச்சை மாவு வழியக் கூடாது. ஈரமான துகள்கள் ஒட்டியிருக்க வேண்டும். சுத்தமாக வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த நிலையில் எடுக்கும்போது மனம் ஒப்பாது. வேகவில்லையோ என்றுதான் தோன்றும். எடுத்துவிடுங்கள். தட்டின் சூடு இன்னும் பத்து நிமிடம் உள்ளே வேலை செய்யும், ஆற ஆற வெண்ணெயும் சர்க்கரையும் இறுகி நடுப்பகுதி தானாகச் செட்டாகும்.

ஆறவைத்து வெட்டுதல்

கம்பி ரேக்கின் மேல் தட்டோடு இரண்டு மணி நேரம். வீடு முழுக்க மணக்கும்போது இது கஷ்டம்தான், ஆனால் சூட்டில் வெட்டினால் துண்டு வராது, களிதான் வரும். ஆறியதும் மீதி சாஸை லேசாகச் சூடுகாட்டி மேலே தாரையாக ஊற்றுங்கள், விருப்பமிருந்தால் ஒரு சிட்டிகை உப்புக் கல்லும் தூவலாம். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, காகிதக் காதுகளைப் பிடித்துத் தூக்கிப் பலகையில் வையுங்கள். நீளமான கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒரே அழுத்தாக மேலிருந்து கீழே வெட்டுங்கள். அறுப்பது போல முன்னும் பின்னும் இழுத்தால் ஓட்ஸ் பிய்ந்து வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். நான்குக்கு நான்கு, 16 துண்டு.

சரியாக வராவிட்டால்

நடு அமுங்கி, ஆறிய பிறகும் பச்சையாகவே இருந்தால் வேக்காடு போதவில்லை. அடுத்த முறை மூன்று நிமிடம் கூட்டுங்கள். எண்ணெய் கசிந்து நின்றால், வெண்ணெய் அதிக சூட்டில் சேர்ந்திருக்கும் அல்லது சர்க்கரையோடு அடித்தது போதாது. கல்லாக இறுகியிருந்தால் தூக்கிப் போட வேண்டாம்: ஒரு துண்டை மைக்ரோவேவில் 10 விநாடி வைத்தால் இளகிவிடும், சூட்டோடு சாப்பிட வேண்டியதுதான். கறுப்பு நிறத் தட்டு சூட்டை அதிகம் இழுக்கும் என்பதால் அதில் செய்பவர்கள் இரண்டு மூன்று நிமிடம் முன்பாகவே பார்க்கத் தொடங்குங்கள்.

காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து மூடினால் வெளியே இரண்டு நாள், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். என்னைக் கேட்டால் இரண்டாம் நாள்தான் இதன் உச்சம். ஓட்ஸ் சாஸை உள்ளே இழுத்துக்கொண்டு பார் முழுக்க ஒரே பதமாகியிருக்கும். ஃப்ரீசரில் வைப்பதானால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள், இரண்டு மாதம் தாங்கும். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து, சுற்றியதைப் பிரிக்காமல் அப்படியே விட்டால் போதும்.