நட்பைப் பற்றி ஆங்கிலத்தில் பேச: எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும்?

‘ஃப்ரெண்ட்’ என்ற சொல் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் ஒருவரோடு எப்படிப் பழக்கமானது, நடுவில் ஏன் பேச்சு நின்றது என்று ஆங்கிலத்தில் சொல்ல வரும்போது பலருக்கும் நாக்கு தடுமாறும். எந்தச் சொல் எதோடு சேரும் என்பதில்தான் சிக்கல். தமிழில் நட்புப் பாராட்டுவோம், சண்டை போடுவோம், யாராவது சண்டை பாராட்டினேன் என்றால் விநோதமாகப் பார்ப்போம். ஆங்கிலத்திலும் இப்படிச் சேர்க்கைகள் உண்டு, ‘காலொகேஷன்’ என்பார்கள். தனித்தனிச் சொல்லாக மனப்பாடம் செய்யாமல் ஜோடியாகவே மனதில் ஏற்றுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: பழக்கமான கதை

முதலில் ‘மேக் ஃப்ரெண்ட்ஸ்’. நம் ஊரில் நிறைய பேர் ‘மேக் ஃப்ரெண்ட்ஷிப்’ என்கிறார்கள், அதை இன்றோடு விட்டுவிடுங்கள். ‘ஐ மேட் ஃப்ரெண்ட்ஸ் வித் மை நெய்பர்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், நீங்கள் ஒருவர், இருந்தும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று பன்மையில்தான் வரும். ‘ஐ ஆம் ஃப்ரெண்ட்ஸ் வித் ஹர்’ என்பதும் அப்படித்தான், ஒருமைக்குப் பின்னால் பன்மையா என்று இடித்தாலும் அதுதான் சரி. நட்புக்கு இரண்டு பேர் வேண்டும் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

பார்த்த முதல் நாளே ஒத்துப்போய்விட்டதா? ‘வி ஹிட் இட் ஆஃப்’. நடுவில் வரும் ‘இட்’டை விட்டுவிடாதீர்கள். இறந்தகாலத்திலும் ‘ஹிட்’தான்.

படி 2: எவ்வளவு நெருக்கம்

நெருங்கிய நண்பர் ‘க்ளோஸ் ஃப்ரெண்ட்’, ‘நியர் ஃப்ரெண்ட்’ என்று வராது. பால்ய நண்பர் ‘சைல்ட்ஹுட் ஃப்ரெண்ட்’. ‘ஓல்ட் ஃப்ரெண்ட்’ என்றால் பல வருடமாகப் பழகுகிறவர், அவருக்கு இருபது வயதே ஆகியிருக்கலாம். இருவருக்கும் தெரிந்தவர் ‘மியூச்சுவல் ஃப்ரெண்ட்’, ஃபேஸ்புக்கில் தினமும் பார்ப்பதுதான். கேட்பவருக்கு அறிமுகமில்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்க ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ ரொம்ப வசதி, அங்கே ‘ஆஃப் மீ’ கூடாது.

‘நாங்க திக் ஃப்ரெண்ட்ஸ்’ என்று சரளமாகச் சொல்கிறோமே, அது இந்தியாவுக்குள் செல்லும். பிரிட்டனில் ஒருவரை ‘திக்’ என்றால் மந்தபுத்திக்காரர் என்று அர்த்தமாகிவிடும். வெளிநாட்டவரிடம் ‘வி ஆர் வெரி க்ளோஸ்’ என்று சொல்லுங்கள்.

படி 3: காதலாகிவிடாமல் பார்த்துக்கொள்வது

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ‘ஐ ஆம் கோயிங் அவுட் வித் ப்ரியா’ என்றால் நீங்கள் சொல்ல நினைத்தது ப்ரியாவோடு வெளியே கிளம்புகிறேன் என்பதாக இருக்கலாம், கேட்பவர் உங்கள் இருவருக்கும் காதல் என்றே எடுத்துக்கொள்வார். நண்பர்களோடு சும்மா சுற்றுவதற்கு, உட்கார்ந்து அரட்டை அடிப்பதற்கு ‘ஹேங் அவுட் வித்’ இருக்கிறது. அதேபோல நண்பரோடு மனஸ்தாபம் வந்தால் ‘வி ப்ரோக் அப்’ என்று சொல்லாதீர்கள், அது காதல் முறிவு. ஆண் ஒருவர் ‘மை கேர்ள்ஃப்ரெண்ட்’ என்றால் காதலி மட்டும்தான், தோழியைச் சொல்ல ‘எ ஃப்ரெண்ட் ஃப்ரம் காலேஜ்’ போதும். அவர் பெண் என்று தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது.

படி 4: தொடர்பு

‘டச் விட்டுப்போச்சு’ என்று தமிழிலேயே பேசிப் பழகிவிட்டோம், அதனால் இது சுலபம். தொடர்பில் இருப்பது ‘கீப் இன் டச்’ அல்லது ‘ஸ்டே இன் டச்’. விட்டுப்போவது ‘லூஸ் டச்’, இங்கே ‘இன்’ கிடையாது. சண்டை எதுவும் இல்லாமல், வேலை, கல்யாணம், ஊர் மாற்றம் என்று கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போவதற்கு ‘வி ட்ரிஃப்டெட் அபார்ட்’ என்பார்கள், யார் மீதும் பழி போடாத அருமையான சேர்க்கை.

படி 5: காய் விடுவதும் பழம் விடுவதும்

காய் விட்டால் ‘ஃபால் அவுட்’, பழம் விட்டால் ‘மேக் அப்’. யாரோடு என்பதற்கு ‘வித்’, எதற்காக என்பதற்கு ‘ஓவர்’: ‘ஐ ஃபெல் அவுட் வித் ஹிம் ஓவர் மணி’. முகம் கொடுத்துப் பேசுவதே இல்லையென்றால் ‘வி ஆர் நாட் ஆன் ஸ்பீக்கிங் டேர்ம்ஸ்’.

படி 6: எழுதிப் பாருங்கள்

உண்மையான நண்பர் ஒருவரை மனதில் வைத்து நான்கே வாக்கியம் எழுதுங்கள். ‘வி ஹிட் இட் ஆஃப் அட் காலேஜ். வி ஃபெல் அவுட் ஓவர் எ சில்லி ஜோக். வி மேட் அப் எ வீக் லேட்டர். வி ஸ்டில் கீப் இன் டச்.’ இந்த மாதிரி. ஒரு சேர்க்கை சரியா என்று சந்தேகம் வந்தால் கூகுளின் ‘என்கிராம் வியூவர்’ பக்கத்தைத் திறந்து, இரண்டு சேர்க்கைகளையும் நடுவில் காற்புள்ளி வைத்து ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அச்சான புத்தகங்களில் எது எவ்வளவு வந்திருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும், மேலே ஓடும் கோட்டைப் பின்பற்றுங்கள். முதலில் ‘மேக் ஃப்ரெண்ட்ஸ்’, ‘மேக் ஃப்ரெண்ட்ஷிப்’ இரண்டையும் போட்டுப் பாருங்கள்.