நான்காவது ஷிப்டுக்குத் தலையாட்டும் முன்

கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் என்னோடு இரவு ஷிப்ட் பார்க்கும் பெண் போன வாரம் சம்பளச் சீட்டை நீட்டினாள். அவளுக்கு இது முதல் ட்ராவல் நர்ஸ் ஒப்பந்தம்; அதாவது ஏஜென்சி வழியாகச் சில வாரங்களுக்கு வெளியூர் மருத்துவமனையில் பார்க்கும் வேலை. “அக்கா, வாரம் நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு என்றார்களே, பணம் எங்கே?” எட்டு வருடத்துக்கு முன்னால் நான் கேட்ட அதே கேள்வி. ஒப்பந்தத்தைப் படி, தேதியைச் சரிபார் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒன்றரை மடங்கு, எதில்?

நம் சம்பளத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, வரி பிடிக்கும் மணிக்கூலி. மற்றது, தங்கவும் சாப்பிடவும் தரும் படி. சொந்த ஊரில் வீட்டுச் செலவையும் சுமந்துகொண்டு வெளியூரில் வேலை பார்ப்பவருக்கு அந்தப் படிக்கு வரி கிடையாது. விளம்பரத்தில் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவார்கள். மயக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

அவள் சீட்டையே பாருங்கள். வாரம் மூன்று பன்னிரண்டு மணி ஷிப்ட். மணிக்கு 24 டாலர் வீதம் 36 மணி நேரத்துக்கு 864, படி 1,200. மொத்தம் 2,064, அதாவது மணிக்கு 57 டாலருக்குச் சற்று மேல். நான்காவது ஷிப்டில் முதல் நான்கு மணிக்கு அதே 24, மீதி எட்டு மணிக்கு 36. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 384 டாலர், மணிக்கு 32! படி ஒரு காசு ஏறவில்லை. களைத்துப்போன நான்காவது இரவுதான் வாரத்திலேயே மலிவான இரவு.

என் முதல் 13 வார ஒப்பந்தத்தில் இப்படி ஒன்பது இரவுகள் கொடுத்தேன். அதே வார்டில் இருந்த இன்னொருத்தி, கூடுதல் மணிக்கு 60 டாலர் என்று முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாள். வித்தியாசம் 3,024 டாலர். கடைசி வாரம் சாப்பாட்டு அறையில் ஒரு டிஷ்யூ காகிதத்தில் கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏஜென்சிக்காரரைக் கேட்டதற்கு, “நீங்கள் கேட்கவில்லையே” என்றார். இன்றும் அந்தப் பதில் எரிச்சலூட்டுகிறது. அது உண்மை என்பதால் கூடுதலாக.

இன்னொன்றையும் கேளுங்கள்: ஷிப்ட் தவறினால் படியில் பிடிப்பார்களா? பிடிப்பார்கள் என்றால், அது பெயருக்குத்தான் படி. மணிக்கணக்கில் கூடிக் குறையும் படி உண்மையில் கூலிதான், ஓவர்டைம் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும் என்று கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் ஓர் ஏஜென்சி வழக்கில் தீர்ப்பளித்தது.

48 மணி ஒப்பந்தம் என்றால் கவலையில்லை என்பது

வாரத்தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் நோயாளிகள் குறைந்தால் மாலை ஐந்து மணிக்குப் போன் வரும்: “இன்று வர வேண்டாம்.” உத்தரவாத மணி நேரம் (நோயாளிகள் குறைந்தாலும் கூலி உண்டு என்பது) 36 என்று மட்டும் எழுதியிருந்தால் போவது அந்த நான்காவது ஷிப்ட்தான். 48-க்கும் உத்தரவாதம் எழுதித் தராதவரிடம் நான் 36-க்குத்தான் கையெழுத்துப் போடுவேன், கூடுதல் மணிக்கான விலையோடு.

கலிஃபோர்னியாவில் எட்டு மணிக்கு மேல் எல்லாம் ஓவர்டைம் என்பது

பொது விதி அப்படித்தான். பன்னிரண்டைத் தாண்டினால் இரட்டிப்பு. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஊழியர்கள் ரகசிய வாக்கெடுப்பில் பன்னிரண்டு மணி ஷிப்டை ஏற்றுக்கொண்ட வார்டில் பன்னிரண்டு வரை சாதாரணக் கூலிதான். எந்த வகை வார்டு என்று விசாரியுங்கள்.

வாய்வார்த்தை

எழுத்தில் இல்லையா, இல்லை.

வெளியேறும் நேரம் பதிந்தபின் சார்ட் (நோயாளி பற்றிய குறிப்பு) எழுதுவது

இலவச வேலை. அனுமதி வாங்காத ஓவர்டைமானாலும் பார்த்த வேலைக்குக் கூலி தந்தாக வேண்டும் என்பது சட்டம்.

அவள் அன்றிரவே ஏஜென்சிக்கு மின்னஞ்சல் எழுதினாள். கூடுதல் மணிக்கு 55 டாலர் தருவதாகப் பதில் வந்தது, அடுத்த ஒப்பந்தத்திலிருந்து.