மிதவைப் படகின் அடியைத் திருத்துவது எப்படி: கொக்கிளாயில் நாங்கள் செய்த முறை

எங்கள் படகு இரண்டு அலுமினிய உருளைகளின் மேல் பலகைத் தட்டுப் போட்டது. நீளம் 6 மீற்றர், அகலம் 2.4 மீற்றர், பின்னால் 40 குதிரைவலு இஞ்சின். முன்பு சுற்றுலாவுக்கு ஓடிய படகு. மச்சானும் நானும் சேர்ந்து வாங்கி, இலங்கையின் வடகிழக்குக் கரையிலுள்ள கொக்கிளாய்க் களப்பில் வலையும் ஐஸ் பெட்டியும் இறாலும் ஏற்றி இறக்க வைத்திருக்கிறோம்.

விடிய வெள்ளன, களப்பு அசையாமல் கிடக்கும்போது, நன்றாக ஓடும். காற்று எழும்பிவிட்டால் கதை வேறு. களப்பில் ஆழம் குறைவு, அதனால் அலை குட்டையாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வரும். படகின் அடியில் படார் படாரென்று அறையும், யாரோ பின்னால் நின்று இழுப்பதுபோல் வேகம் விழும். 60 குதிரைவலு போடச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னார்கள். நாங்கள் இஞ்சினை மாற்றவில்லை, அடியை மாற்றினோம். இரண்டு பேர் மட்டும் ஏறி, கைபேசியின் ஜிபிஎஸ்ஸில் பார்த்தபோது முன்பு மணிக்கு 22 கிலோமீற்றர், இப்போது 29.

காரணம் தெரியவேண்டுமென்றால் படகைக் கரையேற்றி, அடியில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். தட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். எங்களுடையதில் 14. உருளைகளுக்கு நடுவே புகும் அலை ஒவ்வொரு சட்டத்திலும் முட்டுகிறது, அதாவது 14 சுவர்களைத் தள்ளிக்கொண்டு இஞ்சின் போகிறது. இதை மூடுவதுதான் முதல் வேலை, பெரிய வேலையும் அதுதான்.

முதலில் ஒழுக்குப் பாருங்கள்

படகைப் பனங்குற்றிகளில் ஏற்றி, பாசியையும் சிப்பியையும் சுரண்டி, கழுவிக் காயவிடுங்கள். உருளைக்குள் தண்ணீர் இருந்தால் மற்றெதுவும் பயன்தராது. உள்ளே காற்றடித்து, வெளியே சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஆனால் ரயருக்கு அடிப்பதுபோல் அடித்தால் உருளை பிதுங்கிவிடும். 2 பிஎஸ்ஐ தாராளம். ரயர் அளவுகோலில் அவ்வளவு சிறிய அளவு ஒழுங்காகத் தெரியாது.

மேசன்மார் மட்டம் பார்க்கும், உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் குழாயை எடுங்கள். பாதியளவு தண்ணீர் விட்டு, ‘ப’வைப்போல வளைத்துத் தொங்கவிட்டு, ஒரு நுனியைப் பம்புக் குழாயோடு சேர்த்து உருளையின் வாயில் இறுக்கிப் பொருத்துங்கள். மறுநுனி திறந்திருக்கட்டும். சைக்கிள் பம்பால் மெதுவாக அடிக்க, ஒரு பக்கத் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டத்துக்கும் இடையில் 70 சென்ரிமீற்றர் வந்தால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ. 140 வந்தால் 2, அதோடு நிறுத்துங்கள். உருளைக்குள் தடுப்பு இருந்தால் ஒவ்வொரு அறையையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அடித்தகடு

உப்புத் தண்ணீருக்கு 5052 இன அலுமினியம் கேளுங்கள். 8 அடிக்கு 4 அடித் தகடு, 1.5 மில்லிமீற்றர் தடிப்பு எங்களுக்குப் போதுமாக இருந்தது. உருளைகளுக்கு இடையிலுள்ள அகலத்துக்கு வெட்டி, நீளவாட்டில் வைத்து, குறுக்குச் சட்டங்களோடு றிவெட் அடிக்கவேண்டும். வெட்டுவது, துளைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான்.

நான் பிழைவிட்ட இடம் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பொருத்து. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், முதல் தகட்டை அடித்தேன். அடுத்த தகட்டின் முன்விளிம்பை அதன்மேல் 5 சென்ரிமீற்றர் ஏற்றி அடித்தேன். கீழே படுத்துக்கொண்டு மேல்நோக்கி வேலை செய்யும்போது அப்படித்தான் கை போகும். பார்க்கவும் அழகாக இருந்தது. முதல் ஓட்டத்தில், புல்மோட்டைப் பக்கம் திரும்பி வேகம் கொடுத்தவுடன், அடியில் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். படகு முக்கிக்கொண்டு நின்றது. முன்னால் நின்ற மருமகன் முழங்காலில் விழுந்தான். கரைக்கு இழுத்து வந்து பார்த்தால், இரண்டாவது தகட்டின் முன்விளிம்பு அகப்பைபோல் கீழே விரிந்து கிடந்தது. எதிரே வந்த தண்ணீர் அந்த விளிம்புக்குள் புகுந்து, ஒன்பது றிவெட்டைப் பிடுங்கியிருந்தது.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் எழும்பி வந்து குனிந்து பார்த்தார். “தம்பி, மீன்ர செதிள் எந்தப் பக்கம் பாத்துக் கிடக்கு?” என்று மட்டும் கேட்டார்.

தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கும், திருப்பித் தடவினால் கீறும். முன் செதிள் வெளியே, பின் செதிள் அதற்கு உள்ளே. அடித்தகடும் அப்படியே இருக்கவேண்டும். முன் தகட்டின் பின்விளிம்பு தண்ணீர்ப் பக்கமாகவும், பின் தகட்டின் முன்விளிம்பு அதற்குள் ஒளிந்தும் இருக்கவேண்டும். ஆகவே பின்பக்கத்திலிருந்து தொடங்கி அணியத்தை நோக்கி வாருங்கள். கூரைக்குத் தகரம் போடுபவர் கீழ்விளிம்பான இறவாணத்திலிருந்து தொடங்குவதும் இதே கணக்குத்தான்.

அணியத்தில் வரும் தகட்டின் முன்விளிம்பை மேலே மடித்து, முதல் சட்டத்தின் முன்முகத்தில் அடியுங்கள். விளிம்பு எங்கேயும் தண்ணீரைப் பார்த்து நிற்கக்கூடாது. பொருத்துகளில் கடலுக்கான பசை பூசி, 5 சென்ரிமீற்றருக்கு ஒரு றிவெட். மற்ற இடங்களில் 15 சென்ரிமீற்றருக்கு ஒன்று போதும். பின்னால் இஞ்சினுக்குக் கிட்ட ஓர் அடி இடம் மூடாமல் விடுங்கள். பலகை இடுக்கால் இறங்கும் மழைத்தண்ணீர் அதால்தான் வெளியே போகவேண்டும். முழுக்க மூடினால் தகட்டின்மேல் தண்ணீர் தேங்கி, படகு பாரமாகும்.

திருகாணியா றிவெட்டா என்று கேட்டால் றிவெட் என்றே சொல்வேன். அதிர்வில் திருகாணி இளகும். துருப்பிடிக்காத உருக்கு ஆணி அலுமினியத்தைத் தொட்டு, அதில் உப்புத் தண்ணீரும் பட்டால், ஆணிக்கு ஒன்றும் ஆகாது. சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நுனி மூடிய அலுமினிய றிவெட் வாங்குங்கள், நடுக்கம்பியும் அலுமினியமாக இருக்கட்டும். கடையிலேயே காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் கம்பி இரும்பு, வேண்டாம்.

சிறகுகள்

உருளையின் பக்கவாட்டில் நீளமாக ஒட்டும் முக்கோணப் பட்டிகளை நாங்கள் சிறகு என்கிறோம். வேகத்தில் தண்ணீர் அவற்றின் அடிமுகத்தைத் தள்ள, உருளை சற்று மேலெழும்பும், தண்ணீரோடு உரசும் பரப்பு குறையும். 15 குதிரைவலுவோடு பாரம் ஏற்றி ஓடுபவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. எழும்புவதற்கு வேகம் வேண்டும். அவர்கள் அடித்தகட்டோடு நிறுத்தலாம்.

உருளையை முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரத்தில் 4 மணியும் 8 மணியும் இருக்கும் இடங்களே சிறகுக்கு உரிய இடம். அடிமுகம் தண்ணீருக்கு மட்டமாக இருக்கவேண்டும். உள்பக்கச் சிறகுகளைப் பின்முனைக்கு ஒரு மீற்றர் முன்பே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவை கலக்கும் நுரை நேரே புரொப்பெல்லருக்குள் போகும்.

இதற்கு ஆகன் ஒட்டுவேலை (ஆர்கன் வாயு வெல்டிங்) தெரிந்தவர் வேண்டும். வாசலுக்குக் கேற் ஒட்டுபவர் எல்லாரும் அலுமினியம் ஒட்டமாட்டார். ஒட்டமுன் உருளையின் அடைப்பானைக் கட்டாயம் கழற்றுங்கள். மூடியிருந்தால் உள்ளே காற்று சூடாகி விரிந்து, உருகிய இடத்தைத் துளைத்துக்கொண்டு வரும். ஒரேயடியாக நீளத்துக்கு ஒட்டாமல், விரலளவு இங்கே, விரலளவு அங்கே என்று மாறி மாறி ஒட்டினால் தகடு நெளியாது. முடிந்ததும் மறுபடி ஒழுக்குப் பாருங்கள்.

இஞ்சின் உயரம்

படகு எழும்பி ஓடத் தொடங்கியதும் பழைய உயரம் சரிவராது. ஓடும்போது ஒருவர் பின்னால் பார்க்கட்டும். புரொப்பெல்லருக்கு மேலேயுள்ள தட்டைத் தகடு தண்ணீர் மட்டத்தைத் தடவிக்கொண்டு வரவேண்டும். ஆழத்தில் கிடந்தால் இஞ்சினை ஒரு துளை உயர்த்துங்கள். திரும்பும்போது இஞ்சின் திடீரென்று அலறினால் காற்றை இழுக்கிறது, ஒரு துளை இறக்குங்கள்.

பிறகு சேர்த்தது

இனிக் கூட ஆட்களை ஏற்றலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஏற்றக்கூடாது. அடித்தகடும் சிறகும் வேகத்துக்கு, மிதப்பைக் கூட்டுவதற்கு அல்ல. 24 அங்குல விட்டமும் 6 மீற்றர் நீளமும் உள்ள ஓர் உருளை முழுக்கத் தாழ்ந்தால் 1750 கிலோ அளவில் தாங்கும், கூம்பிய மூக்குக்காக அதில் கொஞ்சம் கழியுங்கள். பாதிக்கு மேல் தாழவிடக்கூடாது என்பதால், இரண்டு உருளைக்கும் சேர்த்து அதே 1750 கிலோதான் எல்லை. படகு, இஞ்சின், பெற்றோல், ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. உயிர்காப்பு அங்கி இல்லாமல் எங்கள் படகில் ஒருவரும் ஏறுவதில்லை.

பாசி பிடிக்காமலிருக்கச் செம்பு கலந்த பெயின்ற் பூசியதாக ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, அதை உடனே சுரண்டி எடுங்கள். செம்பு அலுமினியத்தைக் குழி குழியாகத் தின்னும். அலுமினியத்துக்கென்று செம்பில்லாத பெயின்ற் விற்கிறது. களப்பில் நிற்கும் படகுக்கு, அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகக் கட்டியும் ஒன்று பூட்டுங்கள். அது பாதியாகக் கரைந்ததும் மாற்றிவிடவேண்டும். எங்கள் கட்டியை மச்சான் ஒவ்வொரு மாதமும் தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்கிறார்.